நாற்காலியில் யார் இருக்கிறார்? உயர் பதவியில் இருப்பவர் நோயுற்றால் அதை அறிவிக்கச் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

தில்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் 28 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த 28 வருடத்தில் மனதை விட்டுப் போகாத காட்சி ஒன்று உண்டு. எங்கள் மாடியின் கோடியில் ஓர் இணைச் செயலரின் அறை. காலை ஒன்பதரைக்கு பியூன் வந்து கதவைத் திறப்பார். மேசையைத் துடைப்பார். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, மேலே வட்ட மூடியை வைப்பார். அன்றைய பேப்பர்களை மடித்து இடப்பக்கம் அடுக்குவார். சாயங்காலம் அதே தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்து வைப்பார். ஆறு வாரம் இது தவறாமல் நடந்தது. அதிகாரி ஒரு நாள்கூட வரவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அவருடைய பி.ஏ. ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "சார் மீட்டிங்கில் இருக்கிறார்."

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார் என்பது எங்களுக்கே பிற்பாடுதான் தெரிந்தது.

அதே சமயத்தில் எங்கள் அலுவலக டிரைவர் ஒருவர் பணியில் இருக்கும்போதே இறந்துபோயிருந்தார். விழுப்புரம் பக்கத்துக்காரர். மகனுக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்டு அவர் மனைவி மனு கொடுத்திருந்தார். அதை முடிவு செய்யும் கமிட்டிக்குத் தலைவர் இந்த இணைச் செயலர்தான். அந்த அம்மா ஒவ்வொரு திங்கட்கிழமையும் திரிலோக்புரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். ரிசப்ஷனில் பாஸ் வாங்கக் காத்திருந்து, மேலே வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நிற்பார். "சார், ஐயாவுக்கு இன்னிக்காவது நேரம் இருக்குமா?" என்பார். "மீட்டிங்கில் இருக்காரும்மா" என்று நானும் சொன்னேன். ஆறு திங்கட்கிழமை சொன்னேன். கமிட்டி கூடவில்லை, அந்த வருடத்துக்கான இடங்கள் முடிந்துபோயின. பையனுக்கு வேலை கிடைக்க இன்னும் ஒரு வருடம் ஆனது.

அந்த அதிகாரி மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நோய் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆனால் "இவர் இல்லாத நாட்களில் இந்த வேலையை இன்னார் பார்ப்பார்" என்று ஒரு பக்க ஆபீஸ் ஆர்டர் போட்டிருந்தால் அந்த அம்மா ஆறு முறை வந்து போயிருக்க வேண்டாம். ஒரு இணைச் செயலர் விஷயத்திலேயே இப்படி என்றால், அமைச்சர், முதலமைச்சர், பிரதமர் என்று மேலே போகப் போக என்ன ஆகும்? அதைச் சட்டத்தில் தேட ஆரம்பித்தேன். தேடியதும், மனு எழுதிப் பழகியதும், மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்ததும் சேர்ந்ததுதான் இந்த வழிகாட்டி.

படி 1: நோய் அவருடையது, நாற்காலி நம்முடையது

இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் மற்ற எல்லாப் படியும் சுலபம். "அவருக்கு என்ன வியாதி?" என்று கேட்டால் கதவு மூடிவிடும், மூடுவதற்குச் சட்டமும் துணை நிற்கும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் சொல்லிவிட்டது. 2019 நவம்பரில் சுபாஷ் சந்திர அகர்வால் வழக்கில், தலைமை நீதிபதியின் அலுவலகமும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று சொன்ன அதே தீர்ப்பு, ஒருவருடைய மருத்துவப் பதிவுகள், சிகிச்சை, பார்த்த டாக்டர்கள் ஆகியவை தனிப்பட்ட தகவல் என்றும் சொன்னது.

இது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். அமைச்சரானாலும் அவர் ஒரு வீட்டில் மகன், ஒரு வீட்டில் தாய். வியாதியின் பெயரை வெளியில் சொல்லியே ஆக வேண்டும் என்றால் பலர் டாக்டரிடமே போகமாட்டார்கள். மனநலச் சிகிச்சை எடுப்பவர்கள் கண்டிப்பாகப் போகமாட்டார்கள்.

ஆனால் நாற்காலி பற்றிக் கேட்கலாம். இவர் வேலையைச் செய்யும் நிலையில் இருக்கிறாரா? இல்லையென்றால் எந்தத் தேதியிலிருந்து? இப்போது கையெழுத்துப் போடுகிறவர் யார், எந்த ஆணையின்படி? எதுவரை? இவற்றில் எதற்குமே ஸ்கேன் ரிப்போர்ட் தேவையில்லை.

படி 2: எந்தப் பதவிக்கு என்ன விதி என்று தெரிந்துகொள்ளுங்கள்

மனு எழுத உட்காரும்போது நம்மவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு பதவிக்கும் ஒவ்வொரு விதி. சில பதவிகளுக்கு விதியே இல்லை.

குடியரசுத் தலைவருக்குத் தெளிவாக இருக்கிறது. அவர் நோயினாலோ வேறு காரணத்தாலோ பணியாற்ற முடியாதபோது, மீண்டும் பொறுப்பேற்கும் வரை துணைக் குடியரசுத் தலைவர் அந்தப் பணியைச் செய்வார் என்று அரசமைப்பின் 65(2) சொல்கிறது. 1961-ல் ராஜேந்திர பிரசாத் நோயுற்றபோது ராதாகிருஷ்ணன் அப்படித்தான் பார்த்துக்கொண்டார். 1969 மே 3 அன்று ஜாகிர் உசேன் பதவியிலிருக்கும்போதே காலமானார். பொறுப்பேற்ற துணைக் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்பதற்காக ஜூலையில் விலகினார். இரண்டு நாற்காலியும் காலியானால் என்ன செய்வது என்பதற்காக அந்த ஆண்டே ஒரு சட்டம் இயற்றினார்கள். அதன்படி தலைமை நீதிபதி ஹிதயத்துல்லா சில வாரங்கள் குடியரசுத் தலைவராகப் பணியாற்றினார். வேண்டும் என்று நினைத்தால் இந்த நாட்டில் இப்படிப்பட்ட ஓட்டையைச் சில வாரத்தில் அடைக்க முடியும். மனுவில் இந்த உதாரணத்தைத் தவறாமல் சேருங்கள்.

நீதிபதிகளுக்கு இன்னும் நுணுக்கமாக இருக்கிறது. தலைமை நீதிபதியால் பணியாற்ற முடியாவிட்டால் பொறுப்பு நீதிபதியை நியமிக்க 126-ம் பிரிவு, உயர் நீதிமன்றங்களுக்கு 223. 1968-ன் நீதிபதிகள் விசாரணைச் சட்டத்தை நிதானமாக ஒரு முறை படித்துப் பாருங்கள். ஒரு நீதிபதி உடலாலோ மனதாலோ இயலாதவராகிவிட்டார் என்ற புகாரை அவர் மறுத்தால், மருத்துவக் குழு அமைத்துப் பரிசோதிக்கலாம். பரிசோதனைக்கு அவர் வர மறுத்தால், இயலாமை இருப்பதாகவே விசாரணைக் குழு எடுத்துக்கொள்ளலாம். ஆக, மருத்துவக் குழு என்பது நம் சட்டத்துக்குப் புதிதே இல்லை, 1968-லேயே வந்துவிட்டது.

யூபிஎஸ்சி தலைவரையும் உறுப்பினர்களையும் உடல் அல்லது மனத் தளர்ச்சியின் காரணமாக நீக்க 317-ம் பிரிவு இடம் தருகிறது. நாடாளுமன்ற உறுப்பினர் அனுமதியில்லாமல் 60 நாள் வராவிட்டால் இடம் காலி என்று அவை அறிவிக்கலாம், அது 101(4).

பிரதமருக்கு? முதலமைச்சருக்கு? மற்ற அமைச்சர்களுக்கு? அவர்கள் நோயுற்றால் என்ன செய்ய வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்பதற்கு அரசமைப்பில் ஒரு வரி இல்லை. 1964 ஜனவரியில் புவனேஸ்வர் காங்கிரஸ் மாநாட்டில் நேருவுக்குப் பக்கவாதம் வந்தபோது, லால் பகதூர் சாஸ்திரியை இலாகா இல்லாத அமைச்சராகக் கொண்டுவந்து சமாளித்தார்கள். அதே ஆண்டு மே 27-ல் நேரு காலமானார். அறுபது ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்த இடத்தில் இன்னும் சமாளிப்புதான் நடக்கிறது.

அதிகாரிகள் விஷயம் வேறு. ஒரு குமாஸ்தா மெடிக்கல் லீவில் போனால் திரும்பி வரும்போது படிவம் 5-ல் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கொடுத்தால்தான் சேர முடியும், 1972-ன் விடுப்பு விதிகள் அப்படி. ஆர்.கே.புரத்தில் மத்திய அரசு ஊழியர்களுக்கான சிஜிஹெச்எஸ் டிஸ்பென்சரியில் அந்தத் தாளுக்காக வரிசையில் நின்றவன் நான். நாற்பது வயது தாண்டிய ஐஏஎஸ் அதிகாரிகளுக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை உண்டு, அதன் சுருக்கம் பணி மதிப்பீட்டு அறிக்கையோடு சேர்கிறது. ஒருவர் இல்லாதபோது அவர் வேலையைப் பார்க்க லிங்க் ஆபீசர் என்ற ஏற்பாடும் இருக்கிறது. கீழே இத்தனையும் இருக்க, இவர்களுக்கெல்லாம் மேலே உட்கார்ந்து கையெழுத்திடும் அமைச்சருக்கு எதுவும் கிடையாது. லிங்க் ஆபீசர் ஆணையும் அலுவலகத்துக்குள்ளேயே சுற்றும், வெளியிலிருந்து வரும் திரிலோக்புரி அம்மாவின் கண்ணில் படாது.

படி 3: நடந்தவற்றிலிருந்து உதாரணம் எடுங்கள்

உதாரணம் இல்லாத மனுவை யாரும் இரண்டாவது முறை படிப்பதில்லை. நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. நல்லதை முதலில் வையுங்கள், "ஏற்கனவே செய்திருக்கிறீர்கள், அதையே விதியாக்குங்கள்" என்று கேட்பது சுலபம்.

2009 ஜனவரி 24 அன்று பிரதமர் மன்மோகன் சிங்குக்கு தில்லி எய்ம்ஸில் பைபாஸ் அறுவை சிகிச்சை. செய்தி முன்கூட்டியே வெளியில் சொல்லப்பட்டது. காபினெட் கூட்டங்களை பிரணாப் முகர்ஜி பார்த்துக்கொண்டார், நிதித் துறையும் அவரிடம் போனது.

2016 நவம்பர் 16 அன்று வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ், சிறுநீரகம் செயலிழந்து எய்ம்ஸில் இருக்கிறேன், டயாலிசிஸ் நடக்கிறது என்று ட்விட்டரில் தானே எழுதினார். அவ்வளவு சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. சொன்னது அவருடைய பெருந்தன்மை.

நான் மாதிரியாக வைத்திருப்பது 2018 மே 14-ன் குடியரசுத் தலைவர் மாளிகை அறிவிப்பு. நிதி அமைச்சர் அருண் ஜேட்லிக்கு அன்று சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை. அவர் உடல்நலமின்றி இருக்கும் காலத்தில் அவருடைய துறைகள் பியூஷ் கோயலிடம் தற்காலிகமாக ஒப்படைக்கப்படுகின்றன, ஜேட்லி இலாகா இல்லாத அமைச்சராகத் தொடர்வார் என்று அது சொன்னது. எல்லாம் சேர்த்துச் சில வரிதான். யார், யாரிடம், எதுவரை என்ற மூன்றும் அதில் இருந்தன. ஆகஸ்டில் அவர் திரும்பி வந்து பொறுப்பை ஏற்றார்.

சரி, மற்ற பக்கத்துக்கு வருவோம். தமிழர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரியில் சேர்ந்து, பிறகு நியூயார்க் புரூக்ளினுக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கிருந்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். 2016 செப்டம்பர் 22 இரவு ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது வெளியே சொன்னது காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு. அக்டோபர் 11-ல்தான் ஆளுநர் வித்யாசாகர் ராவ் அரசமைப்பின் 166(3)-ன்கீழ் அவருடைய துறைகளை ஓ. பன்னீர்செல்வத்துக்கு ஒதுக்கினார். இடையில் 19 நாள். அந்த 19 நாளில் என்னென்ன கோப்பு நகர்ந்தது, யார் சொல்லி நகர்ந்தது என்ற கேள்வியைக் கேட்காத டீக்கடை தமிழ்நாட்டில் இல்லை, கரோல் பாக் மெஸ்ஸிலும் அதே பேச்சுதான். டிசம்பர் 5-ல் அவர் காலமானார். 2017-ல் அமைத்த ஆறுமுகசாமி ஆணையம் 2022-ல்தான் அறிக்கை கொடுத்தது.

ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்த சமயத்தில் இடைத்தேர்தல் வேட்பாளருக்கான கட்சிப் படிவத்தில் அவருடைய கையெழுத்துக்குப் பதில் கைரேகை இருந்தது. 2019 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பரங்குன்றம் வெற்றியையே செல்லாது என்றது. ஒருவருடைய நிலையை மறைத்தால் அவர் பெயரில் நடந்த ஒவ்வொன்றும் பின்னால் சந்தேகத்துக்கு உள்ளாகும். மறைப்பதால் நோயாளிக்கும் நல்லதில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

கோவா முதல்வர் மனோகர் பாரிக்கர் 2018 பிப்ரவரியிலிருந்து 2019 மார்ச் 17-ல் மறையும் வரை பெரும்பகுதி சிகிச்சையில் இருந்தார், அமெரிக்காவில், பிறகு தில்லி எய்ம்ஸில். முதலில் மூன்று அமைச்சர்கள் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று வைத்தார்கள். வந்தது கணையப் புற்றுநோய் என்று அரசுத் தரப்பில் வெளிப்படையாகச் சொன்னது அக்டோபரில்தான்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று போதும். அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் லாயிட் ஆஸ்டின் 2024 ஜனவரி 1 அன்று வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் சேர்ந்தார். முந்தைய மாதம் செய்த புராஸ்டேட் புற்றுநோய் அறுவை சிகிச்சையின் பின்விளைவு. ஜனவரி 2-ல் அவருடைய துணை அமைச்சர் கேத்லீன் ஹிக்ஸிடம் சில அதிகாரங்கள் கைமாறின, ஏன் என்று அவருக்கே சொல்லவில்லை. அதிபருக்குத் தெரிந்தது ஜனவரி 4, மக்களுக்கு ஜனவரி 5. அதிபரின் இயலாமைக்காக 1967-லேயே 25-வது திருத்தம் கொண்டுவந்த நாடு அது. அடுத்த படியில் இருக்கும் அமைச்சருக்கு அதே அளவு கண்டிப்பு இல்லை. பிறகு எல்லாத் துறைகளும் தங்கள் ஒப்படைப்பு முறையை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று வெள்ளை மாளிகை உத்தரவு போட்டது. ஆஸ்டினும் பிப்ரவரி 1-ல் பத்திரிகையாளர் முன் நின்று, தான் இதைச் சரியாகக் கையாளவில்லை என்று மன்னிப்புக் கேட்டார்.

படி 4: கேட்கப்போவதை எழுதிக்கொள்ளுங்கள்

"வெளிப்படைத்தன்மை வேண்டும்" என்று எழுதினால் "பரிசீலிக்கப்படும்" என்று பதில் வரும். விதியை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். நான் எழுதி வைத்திருப்பது இது. நாள் கணக்கெல்லாம் என் யோசனை, நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்.

"பிரதமர், முதலமைச்சர், அமைச்சர், அரசுச் செயலர் ஆகியோரில் எவரும் மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சிகிச்சைக்குப் போகுமுன், அந்த நேரத்தில் தம் பணியை யார் பார்ப்பார் என்பதை எழுத்தில் தர வேண்டும். எதிர்பாராமல் இயலாத நிலை ஏற்பட்டு 48 மணி நேரம் தாண்டினால், பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதை அரசு 24 மணி நேரத்துக்குள் வெளியிட வேண்டும். அறிவிப்பில் தொடங்கிய தேதி, பொறுப்பேற்றவர் பெயர், ஆணை எண், அடுத்த மறுஆய்வுத் தேதி இருக்க வேண்டும். நோயின் பெயரோ சிகிச்சை விவரமோ இருக்கக் கூடாது. 30 நாள் தாண்டினால் அரசு மருத்துவர்கள் மூவர் பார்த்து, பணியாற்ற முடியும் அல்லது முடியாது என்ற ஒற்றைக் கருத்தை மட்டும் தர வேண்டும். அந்தக் கருத்து எவரையும் பதவி நீக்கக் கூடாது, தற்காலிகமாகப் பொறுப்பை மட்டுமே கைமாற்ற வேண்டும். பொறுப்புக்குத் திரும்பும் நாளையும் அதே முறையில் அறிவிக்க வேண்டும்."

இதில் இரண்டு இடத்தைப் பலர் கேட்பார்கள், பதில் தயாராக இருக்கட்டும்.

ஒன்று, நோயாளிக்கே நினைவில்லை என்றால் யார் சொல்வது? வீட்டாரிடம் விட்டால் பாசத்தினாலோ பயத்தினாலோ தள்ளிப்போடுவார்கள். கட்சிக்காரர்களிடம் விட்டால் இன்னும் மோசம். சிகிச்சை தரும் மருத்துவர் அமைச்சரவைச் செயலருக்கு, மாநிலமானால் தலைமைச் செயலருக்கு, "இப்போது பணியாற்றும் நிலையில் இல்லை" என்று மட்டும் எழுத வேண்டும். அப்படி எழுதுவதற்குச் சட்டம் பாதுகாப்புத் தர வேண்டும், இல்லாவிட்டால் எந்த டாக்டரும் எழுதமாட்டார்.

இரண்டாவது, எதிரிகள் மருத்துவக் குழுவை வைத்து ஒருவரைக் கவிழ்க்கமாட்டார்களா? நியாயமான பயம். அதனால்தான் குழுவின் கருத்து ஒருவரைப் பதவி நீக்கக் கூடாது, தற்காலிகமாகப் பொறுப்பை மட்டுமே கைமாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். அவர் குணமாகி வந்த அன்றே நாற்காலி திரும்பக் கிடைக்க வேண்டும். ஜேட்லிக்குக் கிடைத்ததே.

அப்புறம், இதற்கு அரசமைப்பைத் திருத்த வேண்டுமா? மருத்துவக் குழு, மருத்துவருக்குப் பாதுகாப்பு ஆகியவற்றுக்குச் சட்டம் வேண்டும். அறிவிப்பு என்ற பகுதிக்கு அதுகூடத் தேவையில்லை. மத்திய அரசின் அலுவல் நடைமுறை விதிகள் 1961-ல் 77(3)-ன்கீழ் வந்தவை, மாநிலங்களுக்கு 166(3). அமைச்சரவை ஆலோசனை சொன்னால் அந்த விதிகளில் ஒரு பத்தி சேர்த்து அரசிதழில் வெளியிடலாம். நான் முதலில் கேட்கச் சொல்வது இந்தப் பத்தியைத்தான்.

படி 5: ஆர்டிஐ (தகவல் உரிமை மனு) போட்டு நிலவரத்தைப் பிடியுங்கள்

மனுவுக்கு ஆதாரம் வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். மத்திய அரசு அலுவலகங்களுக்கு ஆர்டிஐ ஆன்லைன் தளத்திலேயே போடலாம். தபாலில் என்றால் போஸ்டல் ஆர்டர் வையுங்கள். 500 சொல்லைத் தாண்டாதீர்கள். தில்லியில் இருக்கும் அலுவலகத்துக்கு ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதுங்கள். தமிழில் முதலில் யோசித்து எழுதி, பிறகு மாற்றிக்கொள்ளுங்கள், கேள்வி கூர்மையாக வரும்.

"ஏன்" என்று கேட்காதீர்கள். இருக்கிற ஆவணத்தின் நகலைக் கேளுங்கள், இல்லாத விளக்கத்தை உருவாக்கித் தரும் கடமை அவர்களுக்கு இல்லை. நான் பயன்படுத்தும் வாசகம் இப்படி:

"கடந்த மூன்று ஆண்டுகளில் இந்த அமைச்சகத்தின் அமைச்சர், செயலர் ஆகியோர் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் பணிக்கு வராத காலங்களில் அவர்களுடைய பொறுப்பை வேறொருவருக்கு ஒப்படைத்து வெளியிட்ட ஆணைகளின் நகல். அத்தகைய ஒப்படைப்புக்கான நடைமுறையை விளக்கும் சுற்றறிக்கை இருந்தால் அதன் நகல். இன்றைய தேதியில் நடப்பிலுள்ள லிங்க் ஆபீசர் பட்டியல். விடுப்புக்கான காரணமோ மருத்துவ விவரமோ எனக்குத் தேவையில்லை, அப்படி ஏதும் ஆணையில் இருந்தால் சட்டத்தின் 10-ம் பிரிவின்படி அதை மறைத்துவிட்டு மீதியைத் தரலாம்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் உயிர். 8(1)(ஜே) என்ற தனிப்பட்ட தகவல் விலக்கு இப்போது முன்பைவிட இறுக்கமாகிவிட்டது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைத் திருத்தியது, திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. முன்பு அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த பொதுநலன் வாசகம் போய்விட்டது. எனவே மருத்துவ விவரம் வேண்டாம் என்று நாமே சொல்லிவிட்டால் மறுப்பதற்கு அவர்களிடம் பிடி இருக்காது. அப்படியும் மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதில் 8(2)-ஐக் குறிப்பிடுங்கள், பொதுநலன் பெரிதென்றால் விலக்குள்ள தகவலையும் தரலாம் என்ற அந்தப் பிரிவு இன்னும் அப்படியே இருக்கிறது. அதிலும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் முனிர்க்காவில் இருக்கும் மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போங்கள்.

"அப்படிப்பட்ட ஆணை எதுவும் இல்லை" என்று பதில் வந்தால் வருத்தப்படாதீர்கள். நம் மனுவுக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

படி 6: நாடாளுமன்றத்துக்கு மனு

இந்த வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் தனித்தனியே மனுக்கள் குழு உண்டு. முதலாவதில் 15 பேர், இரண்டாவதில் 10 பேர். பொதுநலன் சார்ந்த எந்த விஷயத்திலும் ஒரு சாதாரணக் குடிமகன் மனு அனுப்பலாம்.

விதிகள் கொஞ்சம் கண்டிப்பானவை. மனு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். தமிழில் எழுதினால் மொழிபெயர்ப்பை இணைத்து அதிலும் கையெழுத்திட வேண்டும். அவையை நோக்கி மரியாதையாக எழுதி, முடிவில் என்ன வேண்டும் என்ற வேண்டுகோளைத் தனியாகச் சொல்ல வேண்டும். படி 4-ல் எழுதிய பத்தி அந்த இடத்தில் உட்காரும். கடிதம், பிரமாணப் பத்திரம் போன்ற எதையும் இணைக்கக் கூடாது. ஆர்டிஐ பதிலில் கிடைத்ததை மனுவின் உடலிலேயே இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள விஷயத்தைத் தொடாதீர்கள். குறிப்பிட்ட ஒரு தலைவரின் உடல்நிலையைப் பற்றி மனு எழுதவே எழுதாதீர்கள், அது அவமரியாதை, மனுவும் நிற்காது.

ஒரே கையெழுத்து போதும் என்றாலும் நாலு பேர் சேர்ந்தால் பலம். ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் கிருத்திகை அன்று வரும் கூட்டத்தில் பாதிப் பேர் அரசு ஊழியர்கள், அல்லது ஓய்வு பெற்றவர்கள். லிங்க் ஆபீசர் என்று சொன்னால் விளக்கமே வேண்டாம், தலையை ஆட்டிக்கொண்டு பேனாவைக் கேட்பார்கள். முகவரியை முழுதாக எழுதச் சொல்லுங்கள்.

படி 7: எம்.பி.யைப் பாருங்கள்

தில்லியில் இருப்பதில் நமக்கு ஒரு வசதி. கூட்டத்தொடர் நடக்கும்போது தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களும் 18 மாநிலங்களவை உறுப்பினர்களும் இங்கேதான். காலை எட்டு மணிக்கு முன்னால் போனால் நார்த் அவென்யூ, சவுத் அவென்யூ வீடுகளிலோ தமிழ்நாடு இல்லத்திலோ பார்த்துவிடலாம். "ஐயா, ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே இரண்டு நிமிடத்தில் முடியுங்கள். ஒரு தாள் போதும், அதற்கு மேல் கொடுத்தால் உதவியாளர் பையில் போய்விடும்.

அவரிடம் இரண்டு விஷயம் கேட்கலாம். முதலாவது ஒரு கேள்வி: அமைச்சர்களின் தற்காலிக இயலாமையைக் கையாள எழுதப்பட்ட நடைமுறை இருக்கிறதா என்று அரசிடம் கேட்கச் சொல்லுங்கள். அரசின் பதில் அவைக் குறிப்பில் ஏறிவிடும். இரண்டாவது தனிநபர் மசோதா. வெள்ளிக்கிழமை பிற்பகலில் அதற்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குகிறார்கள். இதுவரை சட்டமானவை 14 மட்டுமே, கடைசியாக 1970-ல். ஆனால் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. அது அப்படியே சட்டமாகவில்லை, 2019-ல் அரசு தன் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த 2019 சட்டத்தில் குறைகள் உண்டு என்று திருநர் சமூகமே போராடியது. ஆனாலும் ஒரு தனிநபர் மசோதா ஒரு விஷயத்தை அரசின் மேசைக்குக் கொண்டுபோக முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

எல்லாக் கட்சிக்காரர்களையும் பாருங்கள். ஒரு கட்சியோடு மட்டும் போனால் இது இன்னொரு கட்சித் தலைவரின் உடம்பைப் பற்றிய சண்டையாக மாறிவிடும்.

படி 8: நீதிமன்றம், கடைசியில் மட்டும்

2016-ல் ஜெயலலிதாவின் உடல்நிலை விவரம் கேட்ட பொதுநல மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பாரிக்கர் உடல்நிலை குறித்து பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வில் போன மனுவுக்கும் அதே கதி. இரண்டும் ஒரு மனிதரின் உடம்பைப் பற்றிக் கேட்டவை. போவதென்றால், ஆர்டிஐ பதில்களையும் மனுக்கள் குழுவுக்கு அனுப்பிய மனுவின் நகலையும் கையில் வைத்துக்கொண்டு, விதி வகுக்கச் சொல்லி மட்டும் கேளுங்கள். நல்ல வக்கீல் இல்லாமல் போகாதீர்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். எந்த கவுண்டரில் மனுவைக் கொடுத்தாலும் இன்னொரு நகலில் முத்திரையும் டைரி நம்பரும் வாங்கிக்கொள்ளுங்கள். "அப்புறம் வாங்க, ஆள் இல்லை" என்றால், அந்த ஆளின் லிங்க் ஆபீசர் யார் என்று கேளுங்கள். பெயரைச் சொல்வார்கள். நான் போன மாதம் கேட்டேன், பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து சீல் போட்டுக் கொடுத்தார்.